அடிக்காத பயிற்சி... கடிக்காத ஸ்பேனியல்!

பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஆசை ஆசையாகக் காக்கர் ஸ்பேனியல் குட்டி ஒன்றை வாங்கி வந்துவிடுகிறோம். நாலே மாதத்தில் அது செருப்பைக் குதறுகிறது. தெருவில் நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. 'டிரெயினர்கிட்ட விடுங்க, நாலு சாத்து சாத்தினா சரியாப் போயிடும்' என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொல்வார். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஆபத்தே அந்த யோசனையில்தான் இருக்கிறது!

அடித்தால் என்ன ஆகும்?

நாய் உறுமுவது, 'எனக்குப் பயமா இருக்கு, தள்ளிப் போ' என்கிற எச்சரிக்கை. உறுமும்போதெல்லாம் அடி விழுந்தால், உறுமுவதை நிறுத்திவிடும். ஆனால், பயம் உள்ளேயே இருக்கும். ஒருநாள் குழந்தை அதன் காதைப் பிடித்து இழுக்கும்போது, சத்தமே இல்லாமல் நேராகக் கடிதான்!

2020-ல் போர்ச்சுகல் நாட்டில் 92 வளர்ப்பு நாய்களை ஆராய்ந்தார்கள். கயிற்றைச் சுண்டி இழுத்தும் அதட்டியும் பழக்கப்பட்ட நாய்களுக்குப் பயிற்சி முடிந்ததும் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் கூடியிருந்தது.

ஸ்பேனியல், புதரில் பதுங்கிய பறவையை மோப்பம் பிடித்துக் கிளப்புவதற்கென்றே உருவாக்கப்பட்ட வேட்டை இனம். தரையை முகர்ந்தபடி ஓடுவது அதன் பிறவிக்குணம், திமிர் அல்ல.

டிரெயினரிடம் கேட்க வேண்டியவை

டாக்டர்களுக்கு இருப்பதுபோல் நாய்ப் பயிற்சியாளர்களுக்குக் கட்டாயப் பதிவு எண் எதுவும் கிடையாது. நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கோ, சேலத்துக்கோ தேடிப் போகிறவர்கள் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. 'சரியாகச் செய்தால் என்ன தருவீங்க?' தின்பண்டம், விளையாட்டு, பாராட்டு என்று பதில் வர வேண்டும்.

2. 'தப்பாகச் செய்தால்?' இதுதான் முக்கியம். முள் பட்டை, ஷாக் பட்டை, பட்டினி என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

3. 'நான் கூடவே இருக்கலாமா?' 'ஒரு மாசம் விட்டுட்டுப் போங்க' என்றால் வேண்டாம். நாயோடு வாழப் போகிற நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா?

அவரிடம் பழகும் மற்ற நாய்களையும் கவனியுங்கள். அவரைக் கண்டதும் வால் ஆடுகிறதா, கால்களுக்கு நடுவே ஒடுங்குகிறதா?

வீட்டிலேயே முதல் பாடம்

வேகவைத்த கோழிக்கறியை உப்பு, மசாலா இல்லாமல் பட்டாணி அளவுக்குப் பிய்த்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டை மூக்குக்கு நேரே காட்டி, மெல்லத் தலைக்கு மேலே பின்பக்கமாகக் கொண்டுபோங்கள். தலை நிமிரும்; உடம்பு தானாக உட்காரும். உட்கார்ந்த அதே நொடியில் 'குட்' என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் எதற்குப் பரிசு என்று அதற்குப் புரியாது.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், தினம் மூன்று தடவை போதும். அம்மா 'சிட்' என்றும், தாத்தா 'உட்காரு' என்றும் சொல்லிக் குழப்ப வேண்டாம். வீடு முழுக்க ஒரே சொல்!

நடக்கும்போது இழுத்தால், மரம்போல் அப்படியே நின்றுவிடுங்கள். கயிறு தொய்ந்ததும் நடங்கள். இழுத்தால் எங்கும் போக முடியாது என்று சில வாரங்களில் புரிந்துகொள்ளும். நடைக்கு அதிகாலையே நல்லது; வெயிலில் தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும்.

பரிசாகத் தருவதைச் சாப்பாட்டில் குறையுங்கள். ஸ்பேனியல் சீக்கிரம் குண்டாகும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் நாய்க்கு விஷம்.

திடீர்க் கோபமா?

சாதுவான நாய் காதைத் தொட்டதும் சீறினால், டிரெயினரைத் தேடாதீர்கள். ஸ்பேனியலின் தொங்கும் காதில் காற்றோட்டம் குறைவு. சீழ் பிடித்து வலிக்கலாம். முதலில் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். சேலம் நெடுஞ்சாலையில் தலைவாசல் அருகே கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

கடித்துவிட்டால்...

* சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள்.

* மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் அப்ப வேண்டாம்.

* 'நம்ம வீட்டு நாய்தானே' என்று இருந்துவிடாமல், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

* குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல் போடுங்கள்.