உலாவியும் உறுதிமொழியும்

இணையத்தில் நாம் தேடுவதையும் படிப்பதையும் முதலில் அறிவது உலாவி என்னும் மென்பொருளே. அதனை ஆக்கியோர்மீது நம்பிக்கை தளருமாயின் என் செய்வது?

மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் 2004 நவம்பரில் முதற்பதிப்புக் கண்டது. பயனர் தரவுகளை விற்பதில்லை என்ற உறுதிமொழி அதன் வினாவிடைப் பக்கத்தில் இருந்தது. 2025 பிப்ரவரியில் அது நீக்கப்பட்டது. 'விற்றல்' என்பதற்குச் சில சட்டங்கள் விரிந்த பொருள் தருவதே காரணம் என்றது நிறுவனம். ஒரு சொல்லின் பொருளெல்லை இத்துணைக் கலக்கம் விளைத்தது மொழி பயில்வோர்க்கு வியப்பன்று!

பிரேவை நாடலாமெனின், முகவரிக் கட்டத்தில் பயனர் எழுதிய முகவரியோடு தனக்கு வருவாய் தரும் குறியீட்டையும் அது சேர்த்தமை 2020இல் வெளிப்பட்டது, பின்னர்த் திருத்தப்பட்டது. லிப்ரவுல்ஃப், பயன்பாட்டுத் தகவல்களை மொசில்லாவுக்கு அனுப்பும் பகுதிகளை நீக்கியது. டோர் திட்டத்தாருடன் உருவாகி 2023இல் வெளிவந்த முல்வாட் உலாவியோ, பயனர் யாவரும் இணையதளங்களுக்கு ஒரே தன்மையராய்த் தோன்றுமாறு முயல்கிறது. எனினும் இவ்விரண்டும் ஃபயர்பாக்ஸின் கிளைகளே. பாதுகாப்புத் திருத்தங்கள் பெரிதும் அம்மூலத்திலிருந்தே வருதல் வேண்டும். அடிமரம் பட்டுப்போனால் கிளை தழைக்குமா?

ஆகவே, நிறுவனத்தின் வாக்கைவிட மூலநிரல் வெளிப்படையாயுள்ளதா, திருத்தங்கள் காலம் தாழாது வருகின்றனவா என்பவற்றையே நோக்குதல் தகும். யான் இன்னும் ஃபயர்பாக்ஸையே பயன்படுத்துகிறேன், தகவல் அனுப்பும் அமைப்புகளை அணைத்துவிட்டு.