எலும்புக்கும் உயிர் உண்டு

எலும்பு என்றதும் காய்ந்து வெளுத்த துண்டுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் நம் உடலுக்குள் இருக்கும் எலும்பு அப்படிப்பட்டது அல்ல. அதற்கு உயிர் உண்டு. அதிலும் இரத்தம் ஓடுகிறது. அதுவும் வளர்கிறது.

அமைப்பு

நம் உடலிலேயே நீளமானது தொடை எலும்பு. அதன் மேல் மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. உறைக்குக் கீழே கெட்டியான பகுதி. இரு முனைகளின் உட்புறம் தேன்கூடு போல் இருக்கும். நடுத்தண்டு மூங்கிலைப் போல் குழலாக இருக்கும். அதனால் கனம் குறைவு, உறுதி அதிகம். குழலுக்குள் மஜ்ஜை நிறைந்திருக்கிறது. சிவப்பு மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் உருவாகின்றன. பெரியவர்களுக்கு இது இடுப்பு, முதுகு, மார்பு எலும்புகளில் அதிகம்.

இரத்த ஓட்டம்

எலும்பின் தண்டில் சிறு துளை உண்டு. அதன் வழியே இரத்தக் குழாய் உள்ளே செல்கிறது. மேலுறையிலிருந்தும் முனைகளிலிருந்தும் சிறு குழாய்கள் நுழைகின்றன. முறிந்த எலும்பு ஒட்டுவதற்கு இந்த இரத்தம் வேண்டும்.

வளர்ச்சி

உங்கள் காது மடலைத் தொட்டுப் பாருங்கள். அது குருத்தெலும்பு. தாயின் வயிற்றில் பெரும்பாலான எலும்புகள் முதலில் இப்படித்தான் இருக்கும். பிறகு சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கெட்டிப்படும். குழந்தைக்கு எலும்புகள் அதிகம். பல ஒன்றோடொன்று சேர்ந்து, பெரியவர்களுக்கு 206 ஆகின்றன.

நீண்ட எலும்புகளின் முனை அருகே வளரும் குருத்து உள்ளது. அது கெட்டியானதும் உயரம் கூடுவது நின்றுவிடும். குழந்தைக்கு அங்கே அடிபட்டால் கை, கால் வளர்ச்சி குன்றலாம். சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது.

எலும்பு முறிந்தால்

உருவி விடாதீர்கள். இருபுறமும் மூங்கில் பத்தை வைத்து, அசையாதபடி கட்டி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இறுக்கிக் கட்டினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இறுக்கினால் இரத்தம் ஓடாது. விரல்கள் வீங்கி நீலமாகும், மரத்துப்போகும். வலி கூடும். அப்போது உடனே கட்டைத் தளர்த்த வேண்டும். மாவுக்கட்டு என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். சில மணி நேரத்தில் சதை செத்துவிடும். கையை அல்லது காலை எடுக்கவும் நேரலாம்.

எலும்பு உறுதிக்குக் கேழ்வரகு, பால், கீரை சாப்பிடுவோம். வெயிலும் உடலில் படட்டும்.

விடை கூறுங்கள்

1. இரத்த அணுக்கள் எங்கே உருவாகின்றன?
2. கட்டை ஏன் இறுக்கிக் கட்டக் கூடாது?
3. உங்கள் ஊரில் எலும்பு முறிந்தால் என்ன செய்கிறார்கள்? கலந்து பேசுங்கள்.