மாற்றுக் கொள்கையைச் செவிமடுத்தல்

போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சிற்றூர். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றை வீட்டுமொழியாகக் கொண்டோர் இவ்வட்டாரத்தில் கலந்து வாழ்கின்றனர். விடியற்காலையில் ஒரே ஜீப்பில் நெருங்கி அமர்ந்து, போடிமெட்டு வழியே ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோருள் பல சாதியினரும் சமயத்தினரும் உண்டு. பலர் கலந்து வாழும் இந்நிலை பன்மை எனப்படும். பன்மைத்துவம் என்பது அதனினும் அரியது. தமக்கு உடன்பாடில்லாத கொள்கையும் நிலவ உரிமையுடையது என ஏற்று, அதனைச் செவிமடுப்பதே பன்மைத்துவம். எல்லாக் கொள்கைகளும் ஒன்றே என்பது வேறு. அவ்வாறு கொண்டால் செவிமடுக்க வேண்டிய தேவையே இல்லை.

ராசிங்காபுரத்திற்குத் தெற்கே உள்ள உத்தமபாளையத்தில், கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றோடு வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன. நாட்டார் தெய்வமும் அருகனும் ஒரே பாறையில் இடம்பெற்றிருப்பது வியப்பிற்குரியது. ஆயினும், சிற்பங்கள் எஞ்சியிருப்பது மட்டுமே அக்காலத்தோர் ஒருவரையொருவர் மதித்தனர் என்பதற்குச் சான்றாகாது. சமணரின் மெய்யியல் இவ்விடத்தில் துணைசெய்யும். பொருள் ஒவ்வொன்றும் பல தன்மைகளை உடையது. ஒருவர் கூற்று ஒரு நோக்கில் மட்டுமே உண்மையாகும் என்பது அவர்தம் அநேகாந்தவாதம். ஏலச்செடி வணிகருக்கு விலைப்பொருள், மருத்துவருக்கு மருந்து, காய் பறிக்கும் பெண்ணுக்கு நாட்கூலி.

பல கொள்கையினரின் வாதங்களை ஒருங்கே கேட்க விழைவோர் சாத்தனார் இயற்றிய மணிமேகலையை நாடலாம். அதன் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பதின்மர் தத்தம் கொள்கையை உரைக்கின்றனர். நூல் பௌத்தச் சார்புடையது; எனினும் சைவம், வைணவம், ஆசீவகம், நிகண்டம், சாங்கியம் முதலியன தம் வாயால் தம்மை விளக்க இடம்பெறுகின்றன. கண்ணால் கண்டதன்றிப் பிறவற்றை ஏலாத பூதவாதியிடம், பெற்றோரைக் கருதலளவையாலன்றி எவ்வாறு அறிந்தாய் என மணிமேகலை வினவுகிறாள். எக்கொள்கையிலும் மனம் நிறைவுறாது, பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்த அறம் கேட்கிறாள்.

இக்காதையைக் கற்போர் முந்தைய காதையின் ஒரு செய்தியையும் நினைவிற்கொள்ளுதல் வேண்டும். மணிமேகலை இளம்பெண் ஆதலின் சமயவாதிகள் அவளுக்குத் தம் பொருளை உரையார். வேற்றுருக் கொள்க எனக் கண்ணகித் தெய்வம் அறிவுறுத்துகிறது. அவளும் மாதவன் வடிவம் பூண்டே வஞ்சியினுள் செல்கிறாள். பதின்மரும் தம் கொள்கையை உரைத்தது அந்த ஆண் துறவிக்கே.