டிராக்டர் என்ஜின் சூடேறுகிறதா?

சேற்றுழவின்போது பழைய டிராக்டரின் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறுவதுண்டு. கவனியாமல் ஓட்டினால் பிஸ்டன் இறுகி, சிலிண்டர் ஹெட் வளைந்து, பெருஞ்செலவு நேரும். சூடுமானியின் முள் சிவப்புப் பகுதியைத் தொட்டவுடன் உழவை நிறுத்த வேண்டும். நன்கு ஆறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். சூடான என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வெடிப்பு ஏற்படும்.

ஆறிய பின் கீழ்க்கண்ட வரிசையில் ஆராயவும்.

1. நீர்மட்டம்: குறைந்திருந்தால் ரப்பர் குழாய்களிலும் கவ்விகளிலும் கசிவைத் தேடவும். தண்ணீர் பம்பின் அடித்துளையில் நீர் சொட்டினால் சீல் தேய்ந்துள்ளது, மாற்ற வேண்டும்.

2. விசிறிப் பெல்ட்: இரு கப்பிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 12 மி.மீ. அமிழலாம். அதற்கு மேல் அமிழ்ந்தால் டைனமோவை நகர்த்தி இறுக்கவும்.

3. ரேடியேட்டர்: தகடுகளிடையே வைக்கோல் தூசு, சேறு அடைத்திருந்தால் என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக நீர் பாய்ச்சிக் கழுவவும்.

4. தெர்மோஸ்டாட்: கழற்றி, நீரில் தொங்கவிட்டுக் கொதிக்க வைக்கவும். திறக்காவிடில் புதியது பொருத்தவும். அதை நீக்கிவிட்டு ஓட்டுவது தவறு. என்ஜின் உரிய சூட்டை எட்டாமல் டீசல் வீணாவதுடன் சிலிண்டர் தேய்மானமும் மிகும்.

5. ஹெட் காஸ்கட்: ஆறிய என்ஜினை, மூடியைத் திறந்து வைத்து இயக்கவும். ரேடியேட்டர் நீரில் குமிழ்கள் ஓயாது வந்தாலோ, என்ஜின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தாலோ காஸ்கட் பழுதாகியிருக்கலாம். இதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நலம்.

உவர்க்கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உட்புறம் காரை படிந்து நீரோட்டம் தடைப்படும். மழைநீரைச் சேமித்து, வடிகட்டி ஊற்றுங்கள். நாள்தோறும் காலையில் நீர்மட்டத்தைப் பார்க்கும் பழக்கம் பருவத்தில் உழவு தடைப்படாமல் காக்கும்.