மூடுல் லாக்: ஆசிரியர் கவனத்துக்கு

மூடுல் இணையவழிக் கற்றல் தளத்தில் யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எதைத் திறந்தார் என்பதெல்லாம் ‘லாக்ஸ்’ பக்கத்தில் வரிவரியாக இருக்கும். அத்தனையையும் படித்தால் தலை சுற்றும்.

அதற்குப் பதில், ‘கோர்ஸ் பார்ட்டிசிபேஷன்’ அறிக்கையில் ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுத்து, கடந்த ஒரு வாரம் என்று குறித்தால் போதும். எட்டிப் பார்க்காத மாணவர் பெயருக்கு நேரே ‘நோ’ என்று நிற்கும். அவர்களை மட்டும் டிக் செய்து, அங்கிருந்தே செய்தி அனுப்பிவிடலாம்.

வகுப்பில் பாதிப் பேர் ஒரே பாடக்குறிப்பைத் தொடவில்லையா? மாணவர்களைக் கடிந்துகொள்ளுமுன், அது கண்ணில் படும் இடத்தில்தான் இருக்கிறதா என்று ஆசிரியர் பார்ப்பது நியாயம்.

பிடிஎஃப்பை ஒருமுறை இறக்கிக்கொண்டு பத்து முறை படிப்பவருக்கும் லாக்கில் விழுவது ஒரே வரிதான். லாக்கை வைத்து மதிப்பெண் போடுவது வம்பு.

நிர்வாகி கெடு வைத்திருந்தால் பழைய பதிவுகள் தாமாக அழிந்துவிடும். தேவையானதைப் பருவம் முடியுமுன் எக்செலில் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.