அலுவலக நிகழ்ச்சிக்குக் காலைக் கிண்ண உணவு: எதைத் தேர்வது?

கிண்ண உணவு மேசையில் அடிப்படை உணவு ஒன்றும், அதன்மேல் போட்டுக்கொள்ளப் பயறு, காய், பழம், கொட்டை வகைகளும் இருக்கும். அவரவர் பசிக்கும் உடல்நிலைக்கும் ஏற்றபடி அளவாக எடுத்துக்கொள்ளலாம் என்பதே இதன் பெரிய நன்மை. சென்னை, மதுரை போன்ற வெயில் ஊர்களில் இத்தகைய மேசையைத் திட்டமிடும்போது, ருசிக்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு: மேசை எவ்வளவு நேரம் திறந்திருக்கும்? சூட்டையோ குளிர்ச்சியையோ காக்க அங்கே வசதி உண்டா? உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, சமைத்த உணவு பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். கெடக்கூடியதை 5 டிகிரிக்குக் கீழே குளிர வைப்பது நல்லது. அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. அடிப்படை உணவுக்கான மூன்று வழிகளையும் இந்த அளவுகோலால்தான் எடைபோட வேண்டும்.

சூடானது: சிறுதானியப் பொங்கல்

தினை அல்லது சாமையுடன் பாசிப்பருப்பு சேர்த்த பொங்கல் பசி தாங்கும், பெரியவர்களுக்கும் ஒத்துக்கொள்ளும். 50 பேருக்கு 2 கிலோ சிறுதானியமும் 750 கிராம் பாசிப்பருப்பும் போதும். சூடு காக்கும் பாத்திரமும் அதைக் கவனிக்க ஒரு ஆளும் கட்டாயம் தேவை. ஆற ஆறப் பொங்கல் இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாக இறக்கி, பக்கத்தில் வெந்நீர் வைத்திருக்க வேண்டும். நெய்யைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால், வேண்டாதவர்கள் தவிர்க்கலாம்.

குளிர்ந்தது: தயிர் அவல்

அடுப்பு இல்லாத கூட்ட அரங்குக்கு இது பொருத்தம். 50 பேருக்குக் கெட்டி அவல் 2 கிலோ, தயிர் 5 லிட்டர். அவலைக் கழுவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, நீரை வடித்து உதிரியாக எடுத்துச்செல்ல வேண்டும். முன்கூட்டியே தயிரில் கலந்தால் அவல் அதை உறிஞ்சிக் கட்டிபிடித்துவிடும்; ஆகவே இரண்டையும் தனித்தனியாக வைப்பதே சரி. தயிர்ப் பாத்திரம் பனிக்கட்டி நிரப்பிய அகலத் தட்டில் பாதியளவாவது அமிழ்ந்திருக்க வேண்டும். பனிக்கட்டிக்கு உறுதியான ஏற்பாடு இல்லையென்றால் இந்த வழியை விட்டுவிடுவது நல்லது.

மிதமானது: சுண்டல்

அவித்த கொண்டைக்கடலை, பச்சைப்பயறு போன்றவை புரதமும் நார்ச்சத்தும் தருபவை. தானியம் குறைக்க விரும்பும் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஏற்றவை. 50 பேருக்கு உலர் கடலை 2 கிலோ; இரவே ஊறவைக்க வேண்டும். வெந்தபின் எடை ஏறத்தாழ இரு மடங்காகும். தேங்காய்த் துருவல் சீக்கிரம் கெடும். கலக்காமல் தனியே வைத்துக் கடைசியில் சேர்க்கலாம். முளைகட்டிய பயறைப் பச்சையாக வைக்காமல் ஆவியில் வேகவைப்பதே பாதுகாப்பு. சுண்டலுக்குக் கருவி தேவையில்லை. ஆனால் 2 மணி நேர வரம்பு இதற்கும் உண்டு.

மேலே சேர்ப்பவை

மாதுளை முத்து, கொய்யாத் துண்டு, கேரட் துருவல் போன்றவை கிண்ணத்தில் நிற்கும். பப்பாளி நீர்விடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிவைக்க வேண்டும். வாழைப்பழத்தைத் தோலோடு முழுதாக வைக்கலாம். நாட்டுச் சர்க்கரையும் தேனும் சர்க்கரையே. அவற்றை வரிசையின் கடைசியில் சிறு கரண்டியுடன் வைத்தால் அளவு தானாகக் குறையும். காயும் பயறும் முன்னே, பெரிய கரண்டியுடன் இருக்க வேண்டும். தீர்ந்துகொண்டிருக்கும் பாத்திரத்தில் புதியதைக் கொட்டாமல் பாத்திரத்தையே மாற்றுவது முறை.

பெயர் அட்டையும் கிண்ணமும்

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பெயர் அட்டை வேண்டும். பால், வேர்க்கடலை, முந்திரி, கோதுமை இருந்தால் அதில் எழுத வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை ஒவ்வாதவருக்குச் சிறுதானியப் பொங்கலே தொல்லையாவது இதனால்தான். வேர்க்கடலைக்குத் தனிக் கரண்டியும் தள்ளிய இடமும் தேவை. கிண்ணம் 300 முதல் 350 மில்லி கொள்ளளவு போதும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பைகளுக்கும் தட்டுகளுக்கும் தடை உள்ளது. எவர்சில்வர் கிண்ணம் முதல் தேர்வு, பாக்குமட்டை அடுத்தது.

முடிவு செய்யும் வழி

சமையலறை அருகில் இருந்து, விருந்தினர் ஒரே நேரத்தில் வருவார்கள் என்றால் பொங்கல். பனிக்கட்டி கிடைத்து, அடுப்பு வைக்க இடமில்லையென்றால் தயிர் அவல். இரண்டுக்கும் வசதி இல்லாத குறுகிய நிகழ்ச்சிக்குச் சுண்டலும் பழமும். விருந்தினர் மூன்று மணி நேரம் விட்டுவிட்டு வருவார்கள் என்றால், எதைத் தேர்ந்தாலும் மொத்தத்தையும் மேசையில் பரப்பாமல் இரண்டு தவணையாக வைக்க வேண்டும்: இரண்டாவது தவணை சூட்டிலோ குளிர்ச்சியிலோ உள்ளே காத்திருக்க, முதல் தவணையில் மிஞ்சியதை அகற்றிவிட வேண்டும்.