நாயின் இதயப்புழு: நோயும் செலவுக் கணக்கும்

நாய் வளர்க்கும் நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கு இதயப்புழு என்ற பெயரே புதிதாக இருக்கும். தமிழ்நாட்டில் இருந்தவரை நானும் இதைக் கேள்விப்பட்டதில்லை. காரணம் உண்டு. நாயின் இதயத்தை ஒட்டி வாழும் இந்தப் புழு இந்தியாவில் பெரும்பாலும் வடகிழக்கு மாநிலங்களில்தான் காணப்படுகிறது. தெற்கே, குறிப்பாகக் கேரளத்தில், இதன் பங்காளியான வேறொரு புழு உண்டு. அது தோலுக்கு அடியில் வாழ்வது. உயிருக்கு அவ்வளவு ஆபத்தில்லாதது. குவாஹாட்டிக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் நாயையும் உடன் கொண்டு வருகிறார்கள். அல்லது இங்கேயே ஒரு குட்டியை எடுத்து வளர்க்கிறார்கள். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து நாய் இருமத் தொடங்கும்போதுதான் விஷயம் தெரிகிறது.

நோயைப் பற்றி டாக்டர் சொல்லிவிடுவார். ஆனால் அவர் சொல்லும் தொகையைக் கேட்டு மலைத்துப்போய், சிகிச்சையே வேண்டாம் என்று திரும்பி வந்தவர்களை நான் அறிவேன். ஒரு குடும்பம் நாயைப் பிரம்மபுத்திராவின் வடகரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது. மொத்தத் தொகையைப் பிரித்துப் பார்த்திருந்தால் அதற்குத் தேவை இருந்திராது. ஆகவே இக்கட்டுரையில் நோயின் போக்கையும், எந்தச் செலவு எப்போது வருகிறது, எதில் சிக்கனம் செய்யலாம், எதில் செய்யக்கூடாது என்பதையும் விளக்க முயல்கிறேன்.

புழு வரும் வழி

யானைக்கால் நோயை நாம் எல்லோரும் அறிவோம். இதயப்புழுவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இதையும் கொசுதான் பரப்புகிறது. நோயுற்ற நாயின் இரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுக்கள் ஓடிக்கொண்டிருக்கும். கொசு அந்த இரத்தத்தைக் குடித்தால், வெப்பமான காலத்தில் சுமார் 10 முதல் 14 நாட்களில் குஞ்சுகள் அதன் உடலுக்குள் அடுத்த நிலைக்கு வளர்கின்றன. பிறகு அக்கொசு கடிக்கும் நாயின் உடலில் அவை இறங்குகின்றன. முதலில் தோலடியிலும் தசையிலும் வளர்ந்து, இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குள் நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைகின்றன. கடி பட்டு ஆறேழு மாதங்கள் ஆனபின் முழு வளர்ச்சி பெற்றுக் குஞ்சு பொரிக்கின்றன. பெண் புழு 25 முதல் 30 செ.மீ. வரை நீளும். நாயின் உடலில் 5 முதல் 7 ஆண்டுகள் வாழும்.

நாயைத் தொடுவதாலோ, அது நக்குவதாலோ இந்தப் புழு மனிதருக்கு வராது. கொசு வழியாக மிக அபூர்வமாக மனிதர் உடலில் நுழைந்தாலும் அங்கே அது முழுமையாக வளர்வதில்லை. எனவே பேரக்குழந்தைகளுக்காகப் பயந்து நாயை வெளியேற்ற வேண்டியதில்லை. வெளியேற்றினால்தான் கெடுதல்: அந்த நாய் போய்ச் சேரும் தெருவில் உள்ள கொசுக்களுக்கெல்லாம் அது ஒரு விதைப்பண்ணையாகிவிடும்.

சோதனை: முதல் செலவு

விடாத இருமல், சிறிது ஓடினாலே களைப்பு, மெலிவு ஆகியவை முதல் அறிகுறிகள். நோய் முற்றினால் வயிறு நீர் கோத்து வீங்கும். நாய் மயங்கி விழும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அது அவசர நிலை. அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.

சோதனை இரண்டு வகை. ஒன்று, இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் குஞ்சுப் புழுவைத் தேடுவது. இதற்கு அதிகம் செலவில்லை. ஆனால் தோலடிப் புழுவின் குஞ்சும் பார்வைக்கு ஏறத்தாழ இதைப் போலவே இருக்கும். மேலும், பெரிய புழு இருந்தும் இரத்தத்தில் குஞ்சு இல்லாத நாய்களும் உண்டு. மற்றொன்று ஆன்டிஜென் சோதனை. வளர்ந்த பெண் புழு வெளியிடும் பொருளைக் கண்டுபிடிப்பது. இதன் விலை கூடுதல். ஆனால் சிகிச்சையைத் தீர்மானிப்பது இதுதான். இதைத் தவிர்த்து மிச்சம் பிடிப்பது சரியல்ல.

சிக்கனத்துக்கு வேறு இடம் இருக்கிறது. 7 மாதம் நிறையாத குட்டிக்கு இந்தச் சோதனை வீண். புழு இருந்தாலும் அந்த வயதில் தெரியாது. குட்டிக்கு நேரே தடுப்பு மருந்தைத் தொடங்கிவிடலாம். பெரிய நாய்க்கு, கானாபாரா கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற அரசு சார்ந்த மருத்துவமனைகளில் பதிவுக் கட்டணம் குறைவு. காலையில் சற்று முன்னதாகப் போய் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சிகிச்சை: இரண்டு பாதைகள்

முதல் பாதை மெலார்சொமின் என்ற ஊசி. ஆர்சனிக் சேர்ந்த இம்மருந்து வளர்ந்த புழுவைக் கொல்கிறது. அமெரிக்காவில் முதலில் மாத்திரைகளும் ஓய்வும் கொடுத்து, 60, 90, 91ஆம் நாட்களில் இடுப்புத் தசையில் மூன்று ஊசிகள் போடுகிறார்கள். அதுவே சிறந்த முறை என்பது அங்குள்ள வல்லுநர்களின் முடிவு. ஆனால் நம் நாட்டு மருந்துக் கடைகளில் இது சாதாரணமாகக் கிடைப்பதில்லை, விலையும் அதிகம்.

இரண்டாவது, மெதுவான பாதை. இந்தப் புழுவின் உடலுக்குள் உல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அது இல்லாமல் புழுவால் செழிக்க முடியாது. டாக்ஸிசைக்ளின் என்ற, நாம் அனைவரும் அறிந்த மருந்து அந்த பாக்டீரியாவை அழிக்கிறது. அதை 28 நாட்கள் கொடுத்து, கூடவே மாதந்தோறும் மாக்சிடெக்டின் போன்ற தடுப்பு மருந்தையும் தொடர்ந்தால், புழுக்கள் நலிந்து மெல்ல மெல்ல இறக்கின்றன. ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை புழு உள்ளேயே இருப்பதால் நுரையீரலுக்குச் சேதம் தொடரும் என்பது இதன் குறை. ஊசி கிடைக்காத இடத்தில், கைக்கு எட்டும் விலையில், நியாயமான வழி இதுவே.

கணக்கு

எங்கள் ஜிம்மி இவ்வூர் நாட்டு நாய். 20 கிலோ எடை. ஆறு வயதில் புழு இருப்பது தெரிந்தது. "ஒரு நாய்க்கு இவ்வளவு செலவா?" என்று பக்கத்து வீட்டு நண்பர் கேட்டார். "ஆறு வருஷமா வாசல்ல படுத்துக் காவல் காத்ததே, அதுக்கு நாம சம்பளம் கொடுத்தோமா?" என்று என் மனைவி திருப்பிக் கேட்டாள். நான் டாக்டரிடம் இரண்டே கேள்விகள் கேட்டேன். இன்றே செய்ய வேண்டியது எது? அடுத்த மாத ஓய்வூதியம் வரும்வரை பொறுக்கக் கூடியது எது? அவர் மகிழ்ச்சியோடு ஒரு தாளை எடுத்துப் பிரித்து எழுதிக் கொடுத்தார்.

டாக்ஸிசைக்ளின் அளவு கிலோவுக்கு 10 மி.கி., நாளுக்கு இருவேளை. 20 கிலோ நாய்க்கு வேளைக்கு 200 மி.கி.; அதாவது 100 மி.கி. காப்ஸ்யூல் நாளுக்கு நான்கு. 28 நாட்களுக்கு 112 காப்ஸ்யூல்கள். ஒன்று 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 560 ரூபாய். 10 ரூபாய் என்றால் 1,120 ரூபாய். மனிதருக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். ஆகவே கம்பெனிப் பெயரை எழுதாமல் மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரும்படி டாக்டரைக் கேட்டு, மக்கள் மருந்தகத்தில் விசாரிக்கலாம். சோற்றோடு கொடுக்க வேண்டும். பாலில் கரைத்துக் கொடுக்கக்கூடாது. வாந்தி எடுத்தால் தாமே நிறுத்தாமல் டாக்டரைக் கேட்க வேண்டும்.

ஆக முதல் மாதம்தான் கனமானது: சோதனை, எக்ஸ்ரே, டாக்ஸிசைக்ளின், மாத மருந்து. இரண்டாம் மாதம் முதல் மாத மருந்து மட்டும். 6ஆம் மாதமும் 12ஆம் மாதமும் ஆன்டிஜென் சோதனை. அந்த இரண்டு மாதங்களுக்காகச் சிறு தொகையைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டே வரலாம். இப்படிப் பரப்பிப் பார்த்தபோது, எங்கள் வீட்டுப் பால் கணக்கைவிட மாதச் செலவு குறைவாகவே வந்தது. ஓராண்டு முடிந்து செய்த சோதனையில் ஜிம்மிக்குப் புழு இல்லை என்று வந்தது.

காசில்லாத மருந்து

சிகிச்சையின் மிக முக்கியமான பகுதிக்கு ஒரு பைசா செலவில்லை. அதுதான் ஓய்வு. புழு இறக்கும்போது அதன் துண்டுகள் நுரையீரல் இரத்தக் குழாயில் அடைத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் நாய் ஓடினால் இரத்த ஓட்டம் வேகமாகி, அடைப்பு உயிரையே வாங்கிவிடும். பலவீனமான பாலத்தில் பழுது முடியும்வரை ரயிலுக்குக் காஷன் ஆர்டர் கொடுத்து வேகத்தைக் குறைப்போம். இதுவும் அதுவே. கயிற்றில் கட்டி வாசல் வரை நடத்தி வரலாம்; பந்து விளையாட்டு, மாடிப்படி, பூனை துரத்தல் எல்லாம் கூடாது. மெதுவான பாதையில் புழுக்கள் நெடுநாள் இறந்துகொண்டே இருப்பதால், இந்தக் கட்டுப்பாடும் நெடுநாள் வேண்டும். வீட்டில் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆபத்தான சிக்கனம்

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து மலிவு. இந்த மருந்தின் மூலப்பொருளைக் கண்டுபிடித்ததற்காகக் காம்ப்பெல், ஓமுரா இருவருக்கும் 2015இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மருந்து உயர்ந்ததுதான், அளவில்தான் ஆபத்து இருக்கிறது. நாய்க்குத் தடுப்பு அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். 20 கிலோ நாய்க்கு 120 மைக்ரோகிராம். மாட்டு மருந்தில் 1 மி.லி.யில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. அப்படியானால் வேண்டியது 0.012 மி.லி. 1 மி.லி. சிரிஞ்சில் மிகச் சிறிய கோடே 0.01 மி.லி. கோட்டில் ஒன்று தவறினால் மருந்து ஏறத்தாழ இரட்டிப்பாகும். கோலி இன நாய்கள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே இந்த மருந்தின் மிகை அளவு மூளையைத் தாக்கும் தன்மை உண்டு. இரத்தத்தில் குஞ்சுப் புழு மிகுந்த நாய்க்கு, அவை ஒரே சமயத்தில் இறப்பதால் அதிர்ச்சியும் வரலாம். ஆகவே டாக்டர் கையால் அன்றி இது கூடாது.

யானைக்கால் நோய்த் தடுப்புக்கு அரசு கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையையும் நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் 1940களில் உருவான அரிய மருந்து அது. ஆனால் குஞ்சுப் புழு உள்ள நாய்க்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

தடுப்பு

சிகிச்சையில் மாதந்தோறும் கொடுக்கும் அதே வகை மருந்துதான் தடுப்புக்கும். நோய் வந்த நாய்க்கும் அந்தச் செலவு உண்டு. வராத நாய்க்கும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், வராத நாய்க்கு எக்ஸ்ரே இல்லை, 112 காப்ஸ்யூல் இல்லை, மாதக்கணக்கில் கட்டிப்போடுவதும் இல்லை. இம்மருந்து கடந்த மாதம் உடலில் இறங்கிய இளம் புழுக்களைக் கொல்வது. எனவே ஒரு மாதம் தவறினாலும் சில புழுக்கள் தப்பி வளரும். குவாஹாட்டியில் கொசு ஓயும் மாதம் என்று எதையும் நம்ப முடியாததால் 12 மாதமும் கொடுப்பதே நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை சோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது நாய்க்கும் நமக்கும் சேர்த்தே நன்மை. மாத மருந்துக்கு ஒரு நல்ல யோசனை: ஓய்வூதியமோ சம்பளமோ கைக்கு வரும் நாளையே நாயின் மருந்து நாளாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அன்று கையில் பணம் இருக்கும், நாளும் மறக்காது.